விலையைக் குறைக்காதே, தங்கச்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

கல்லூரி அலுவலக வேலையை விடாமல், வீட்டிலிருந்தே அழைப்பிதழும் மணிவிழா மலரும் வடிவமைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகச் செய். காரைக்குடியைச் சுற்றி வேலைக்குப் போய்க்கொண்டே இப்படி ஏதாவது தொடங்க நினைக்கும் பெண்கள் பலர் இருப்பதால், பதிலை எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

நீ எழுதியதில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "சம்பளம்தான் வருகிறதே ஆச்சி, இது உபரிதானே, அவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்கிறேன்" என்கிறாய். வேண்டாம். சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிற எனக்கு அந்த எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியும். சம்பளம் இல்லாதவர்கள்தான் வந்த விலைக்கு ஒத்துக்கொள்ள வேண்டிய நிலையில் இருக்கிறார்கள். அடுத்த மாத மளிகைக்கு உனக்குக் கவலை இல்லை. கட்டுப்படியாகாத விலையை மறுக்கும் தெம்பு அதனால்தான் உனக்கு இருக்கிறது. அதை ஏன் விட்டுக்கொடுக்கிறாய்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உன் சம்பளம் 22,000 ரூபாய் என்று வைத்துக்கொள். மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 208 மணி நேரம். மணிக்கு ஏறத்தாழ 106 ரூபாய் வருகிறது. இப்போது 64 பக்க மலரை 3,000 ரூபாய்க்கு ஒத்துக்கொள்கிறாய். தட்டச்சு, பழைய புகைப்படங்களைச் சரிசெய்வது, பக்கம் அமைப்பது, திருத்தம் எல்லாம் சேர்த்து 50 மணி நேரமாவது போகும். மணிக்கு 60 ரூபாய். பகலில் தெளிவாக இருக்கும் நேரத்தை 106க்குக் கொடுத்துவிட்டு, இரவில் கண் எரிய உட்காரும் நேரத்தை 60க்குக் கொடுப்பாயா? மின்சாரம், இணையம், எழுத்துரு உரிமம் இவற்றை நான் இன்னும் கழிக்கவே இல்லை.

அதிலும் நம் ஊர் மலர் லேசான வேலை இல்லை. ஒரு குடும்ப மலர் என்றால் ஒவ்வொரு பெயருக்கு முன்னும் விலாசம், அதாவது குடும்ப முன்னெழுத்துகள், சரியாக வர வேண்டும். ஒரு முன்னெழுத்து இடம் மாறினால் வேறு வீட்டுக்காரர் ஆகிவிடுவார். இளையாற்றங்குடியா, மாத்தூரா, வைரவன்பட்டியா என்று அந்தக் குடும்பம் சேர்ந்த நகரத்தார் கோவிலின் பெயர் மாறக் கூடாது. சித்தப்பா பெயர் பெரியப்பா பெயருக்கு மேலே வந்தால் மண்டபத்திலேயே பேச்சு கிளம்பும். இந்த வேலையைச் சென்னையிலோ சிவகாசியிலோ உட்கார்ந்திருப்பவரை விட நீ நன்றாகச் செய்வாய்; சிறு வயதிலிருந்து இந்தப் பெயர்களோடு வளர்ந்தவள் நீ. அந்த அறிவுக்கும் சேர்த்துத்தான் விலை.

திருத்தத்துக்கு எல்லை வை. இரண்டு முறை விலைக்குள் அடங்கும், மூன்றாவதற்குத் தனிப் பணம் என்று தொடக்கத்திலேயே எழுதிக் கொடு. இறுதிப் பிரதியைப் பார்த்து, "பெயர்கள் எல்லாம் சரி, அச்சுக்குப் போகலாம்" என்று குடும்பத்தில் ஒருவர் மட்டும் வாட்ஸ்அப்பில் எழுதித் தர வேண்டும். ஐந்து பேர் ஐந்து திருத்தம் சொன்னால் மலர் முடியாது. பழைய வானவில் எழுத்துருவில் அடித்த கட்டுரைகளைக் கொடுத்தால், யூனிகோடுக்கு மாற்றிச் சரிபார்க்கும் நேரத்தையும் விலையில் சேர். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிப் போவது உனக்கே தெரியும்.

பாதிப் பணம் முன்னால் வாங்கிக்கொள். சொந்தக்காரர்களிடம் எப்படிக் கேட்பது என்று தயங்காதே. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் மூன்று வருடக் கணக்குக்கு, அதாவது மூன்று வருடத் தவணைக்கு, கடை பார்க்கப் போன மேலாளுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கை முன்னாலேயே கொடுத்து அனுப்பிய ஊர் இது. முன்பணம் கேட்பது இங்கே யாருக்கும் புதிதில்லை.

அப்புறம், பணத்தைக் கலக்காதே. ஒரே வளவுக்குள், அதாவது ஒரே கூட்டு வீட்டுக்குள், கல்யாணமான பிள்ளைக்குத் தனி அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு என்று வேறு வைப்பார்களே, அப்படி இந்தத் தொழிலையும் வேறு வை. தனி வங்கிக் கணக்கு, தனிக் கணினி. கல்லூரிக் கணினியில், கல்லூரி நேரத்தில் ஒரு அழைப்பிதழ்கூடத் திறக்காதே. பணியின் பகுதியாகச் செய்த ஆக்கத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிதான் முதல் உரிமையாளர் என்கிறது 1957 பதிப்புரிமைச் சட்டம். மலரின் உரிமை பற்றி நாளைக்கு யாரும் கேள்வி கேட்க இடம் கொடுக்காதே.

அதற்கும் முன்னால் உன் நியமன ஆணையை எடுத்து முழுதாகப் படி. வேறு வேலை செய்யக் கூடாது என்று ஒரு வரி இருந்தால், அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகே தொடங்கு. வாய்மொழியாகச் சரி என்பவர் அடுத்த வருடம் மாற்றலாகிப் போய்விடலாம். அரசு வேலையில் இருக்கும் நம் மற்ற பெண்களுக்கு இன்னும் கண்டிப்பு உண்டு: 1973 தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி முன் அனுமதி இல்லாமல் தொழில் செய்ய முடியாது.

வரியைப் பற்றிப் பயப்படாதே. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், பணம் கேட்கும் தரகரிடம் போகாதே. சம்பளக்காரர்களுக்கான எளிய வருமான வரிப் படிவமான ஐ.டி.ஆர்-1 மட்டும் இனி உனக்குச் செல்லாது, தொழில் வருமானத்துக்கு வேறு படிவம். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ரசீதுகளை மட்டும் பத்திரமாக வை.

எனக்கு உண்மையான கவலை வைகாசிதான். முகூர்த்தம் குவியும் அதே நேரத்தில் உன் அலுவலகத்தில் தேர்வு வேலையும் மாணவர் சேர்க்கையும் கழுத்தைப் பிடிக்கும். அந்த மாதத்தில் ஒரு மலருக்கு மேல் எடுக்காதே, தேடி வந்தாலும் எடுக்காதே. தை, ஆவணியில் கூடுதலாக எடுத்துக்கொள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களிடம் காலை 6 மணிக்குப் பேசிவிடு. அங்கே அப்போது 8.30. இரவு 10 மணிக்கு நீ பேச ஆரம்பித்தால் அவர்களுக்கு நள்ளிரவு தாண்டியிருக்கும், உன் தூக்கமும் போய்விடும்.

வேலையை எப்போது விடலாம் என்ற பேச்சை இப்போது எடுக்காதே. ஆடியும் மார்கழியும் வந்து போகட்டும். கல்யாணம் இல்லாத அந்த மாதங்களில் என்ன வருகிறது என்று ஏட்டில் பார்த்த பிறகு, இரண்டு பேரும் அப்பச்சியையும் வைத்துக்கொண்டு பேசுவோம்.

இப்போது கையில் இருக்கும் அந்த 64 பக்க மலருக்குப் பக்கத்துக்கு 150 ரூபாய் சொல். மொத்தம் 9,600, பாதி முன்பணம். பேரம் பேசினால் பக்கத்தைக் குறைக்கச் சொல், விலையைக் குறைக்காதே. நியமன ஆணையை நாளைக்கே படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
ஆச்சி
தேவகோட்டை