கட்டம் எண்ணிப் பார்க்கச் சொல்

தருமபுரி,
ஞாயிறு மாலை.

அன்புள்ள செல்வி,

நீ கொடுத்தனுப்பிய செந்தூரா மாம்பழம் ரெண்டே நாளில் காலி. அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை, வாசல் வரை நடக்கிறார்.

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் முடுக்கம், அதாவது வேகம் மாறும் வீதம், நிலையாக இல்லாமல் மாறுகிற கணக்கு வந்தாலே பையன் திணறுகிறான் என்று எழுதியிருந்தாய். அவனைத் திட்டாதே. சீரான முடுக்கத்துக்கான மூன்று சமன்பாடுகளையும் சின்ன வகுப்பிலேயே உருப்போட வைத்துவிடுகிறோம். முடுக்கம் மாறாத இடத்தில் மட்டும்தான் அவை செல்லும் என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. எனக்கு இதில் ரொம்ப வருத்தம்.

என்னிடம் படிக்க வரும் எதிர்வீட்டுப் பெண்ணும் போன வாரம் அங்கேதான் நின்றாள். ஓய்வில் இருந்து கிளம்பும் வண்டி, முடுக்கம் நேரத்தைப் போல ஆறு மடங்கு, 2 விநாடியில் எவ்வளவு தூரம்? கடைசி முடுக்கமான 12-ஐப் போட்டு 24 மீட்டர் என்றாள். தப்பு என்றதும் சராசரி 6-ஐப் போட்டாள். கடைசி வேகம் விநாடிக்கு 12 மீட்டர், அது சரி. தூரமும் 12 மீட்டர் என்று வந்தது. விடை 8. "வேகம் சரியா வருதே டீச்சர், தூரம் மட்டும் ஏன் தப்பாகுது?" என்று கேட்டாள். எவ்வளவு நல்ல கேள்வி பார்!

தொகையீடு (சின்னச் சின்னத் துண்டுகளைக் கூட்டி மொத்தம் காணும் கணிதம்) பக்கமே போகவில்லை. வரைபடத் தாளை எடுத்து, வண்டியின் வேகத்தை அரை விநாடிக்கு ஒரு புள்ளியாக வைக்கச் சொன்னேன்: 0, 0.75, 3, 6.75, 12. வளைகோட்டை வரைந்து, அதன் மேல் 0-விலிருந்து 12-க்கு ஒரு நேர்கோடும் போட்டாள். சராசரி முடுக்கம் சொல்லும் கதை அந்த நேர்கோடு. உண்மையான வளைகோடு கடைசி வரை அதற்குக் கீழேயே தொய்ந்து கிடந்தது. கோட்டுக்குக் கீழே இருக்கும் பரப்புதான் தூரம் என்பதால், வளைகோட்டுக்குக் கீழே உள்ள கட்டங்களைப் பென்சிலால் எண்ணினாள். முதல் விநாடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர், அடுத்ததற்கு 7. "அய்யோ, வேகம் கடைசியிலதான் வருது, அதுக்குள்ள நேரம் முடிஞ்சிடுது" என்றாள். நேர்கோட்டுக்கும் வளைகோட்டுக்கும் இடையில் இருந்த பரப்புதான் கூடுதலாக வந்த 4 மீட்டர். அப்புறம்தான் தொகையீடு: வேகம் நேர வர்க்கத்தின் மூன்று மடங்கு, தூரம் நேரத்தின் கனம். இரண்டின் கனம் எட்டு. விடை துல்லியமாக வந்ததும் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உன் பையனிடம் கேட்டுப் பார். முடுக்கம் குறைந்தால் வேகமும் குறையும் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். தருமபுரி பேருந்தில் அவனை ஏற்றிவிடு. ஊரைத் தாண்டி வேகம் பிடிக்கும்போது முதுகு இருக்கையில் அழுந்துவது மெல்ல மெல்லக் குறையும், வேகமானியின் முள் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். முதுகு காட்டுவது முடுக்கம், முள் காட்டுவது வேகம்.

முடுக்கம் நேரத்தை விட்டு இடத்தைப் பொறுத்து மாறும் கணக்குகளும் இருக்கின்றன, சுருள்வில் மாதிரி. அதைக் கடிதத்தில் எழுதி மாளாது. அடுத்த சனிக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு வா. வரைபடத் தாள் நான் வாங்கி வைக்கிறேன், நீ மாங்காய் மட்டும் எடுத்து வா, ஊறுகாய் போடலாம்.

அன்புடன்,
மல்லிகா