பொட்டாசியத்தின் 19-வது எலக்ட்ரான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மாணவர் பக்கத்தில் அணுவை மாடி வீடாக வரைந்திருந்தீர்கள். மூன்றாம் கூட்டில், அதாவது மூன்றாம் மாடியில், 18 எலக்ட்ரான்கள் சேர்ந்த பிறகே நான்காம் கூட்டுக்கு ஆள் ஏறும் என்று எழுதியிருந்தது. பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள்வழிப் பேரன் அதை நீட்டி, "அப்படின்னா பொட்டாசியம் 2, 8, 9 தானுங்களே அப்புச்சி? புத்தகத்துல 2, 8, 8, 1ன்னு இருக்குதே?" என்றான். புத்தகம்தான் சரி.

மூன்றாம் கூட்டில் 18 பேருக்கு இடம் இருப்பது உண்மை. மாடியில் உள்ள அறைகளைத்தான் ஆர்பிட்டால் என்கிறோம்; எஸ், பி, டி என்பவை அவற்றின் வகைகள். எஸ் ஒன்று, பி மூன்று, டி ஐந்து, ஆக 9 ஆர்பிட்டால்கள். ஒன்றில் இரண்டுக்கு மேல் கூடாது என்பது 1925-ல் இயற்பியலாளர் பௌலி சொன்னது. ஆனால் நிரம்பும் வரிசையைக் கூட்டின் எண் மட்டும் தீர்மானிப்பதில்லை. 4எஸ், அதாவது நான்காம் கூட்டின் எஸ் அறையில் இருக்கும் எலக்ட்ரான், அணுக்கருவுக்கு வெகு பக்கத்திலும் கொஞ்சம் நடமாடும். உள்ளே இருக்கும் 18 எலக்ட்ரான்கள் அதை அணுக்கருவின் இழுப்பிலிருந்து முழுசாக மறைக்க முடியாது. மூன்றாம் கூட்டின் டி அறைகளான 3டிக்கு அந்த வசதி குறைவு. அதனால் பொட்டாசியத்தில் 4எஸ்ஸின் ஆற்றல் 3டியைவிடக் கீழே வந்துவிடுகிறது. 19-வது எலக்ட்ரான் அங்கே போகிறது, கால்சியத்தின் 20-வதும் அங்கேயே. ஸ்காண்டியத்தில்தான் 3டி திறக்கிறது.

எலக்ட்ரான்கள் அணுவை விட்டுப் போகும்போது வேறு கதை. இரும்பில் 3டியில் 6, 4எஸ்ஸில் 2. இரண்டை இழக்கும்போது 4எஸ்ஸில் இருப்பவைதான் கிளம்பும். விடைத்தாள் திருத்திய காலத்தில் பிள்ளைகள் அதிகம் சறுக்கிப் பார்த்தது இங்கேதான்.

டி ஆர்பிட்டாலைக் கண்ணால் பார்த்த மாதிரி வேண்டுமென்றால், எங்கள் கோபிப் பக்கம் உரக்கடைக்கு வரலாம். மஞ்சளுக்குப் போடும் ஜிங்க் சல்பேட் வெள்ளை. போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லிக்கு வாங்கும் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) நீலம். மயில்துத்தத்தின் தாமிர அயனியில், அதாவது இரண்டு எலக்ட்ரான்களை இழந்த தாமிர அணுவில், 3டியில் 9 எலக்ட்ரான்கள், ஒரு இடம் காலி. அங்கே தாவுவதற்குச் சிவப்புப் பக்கத்து ஒளியை விழுங்குகிறது. மிச்சம் நமக்கு நீலமாகத் தெரிகிறது. ஜிங்க்கில் 10-ம் நிரம்பிவிட்டதால் தாவ இடமில்லை. (வறுத்து நீரை ஓட்டினால் மயில்துத்தமும் வெளுத்துவிடும். அதில் நீருக்கும் பங்கு உண்டு. அது தனிக் கடிதம்.)

திருத்தம் போடும்போது மாடிப் படத்தையே தூக்கிவிட வேண்டாம். நான்காம் மாடியின் எஸ் அறையை மட்டும் 3டிக்குக் கொஞ்சம் கீழே இறக்கி வரையுங்கள். குரோமியமும் தாமிரமும் 4எஸ்ஸிலிருந்து ஒரு ஆளை 3டிக்கு மாற்றிக்கொள்ளும். அதற்கு ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி போதும்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
கோபிசெட்டிபாளையம்.