சனசமூக நிலையச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாகசபையினரே, வந்திருக்கும் அங்கத்தவர்களே, வணக்கம்.

பொங்கல் விழாவும் சரஸ்வதி பூசையும் வழமைபோல் நடந்தன. கிணறு இறைக்கும் சிரமதானமும் முடிந்தது.

இவ்வாண்டின் பெரிய வேலை தகர ரயில்தான். லண்டனில் வாழும் எம்மூரவர் ஒருவர் வாசிகசாலைப் பிள்ளைகளுக்கென்று ஹோர்ன்பி என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் பழைய விளையாட்டு ரயில்கள் இரண்டு அனுப்பினார். ஒன்று திறப்பு முறுக்கி விடுவது, மற்றது மின்சாரத்தில் ஓடுவது. தண்டவாளம் வரவில்லை. புதிதாக விற்கும் தண்டவாளத்தை வாங்கியிருக்கலாமே என்று சிலர் இன்னும் கேட்பதால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் ரயில்களும் புதுத் தண்டவாளமும் ஓ கேஜ் என்ற ஒரே அளவுதான், தண்டவாளங்களின் இடைவெளி 32 மில்லிமீற்றர்தான். ஆனால் பழைய தகர வண்டியின் சக்கர விளிம்பு ஆழமானது. இன்றைய நுணுக்கமான தண்டவாளம் உயரம் குறைந்தது. அதைப் பிடித்திருக்கும் குமிழ்களில் விளிம்பு இடித்து வண்டி துள்ளும். மின்சார இஞ்சினின் சக்கரங்களோ இரண்டு பக்கமும் உலோகத்தால் இணைந்தவை. இரண்டு தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் பாதையில் வைத்தால் உடனே ஷோர்ட் ஆகிவிடும். நடுவில் மூன்றாவது தண்டவாளம் வேண்டும். லயனல் என்ற அமெரிக்கக் கம்பெனியின் தண்டவாளத்தையும் பார்த்தோம். அவர்களுடைய ஓ, ஓ27 என்ற இரண்டு வகையே ஒன்றுக்கொன்று உயரம் வேறு, நேரடியாகக் கலந்து பூட்ட முடியாது. ஆகவே ஹோர்ன்பியின் பழைய மூன்று தண்டவாளப் பாதையையே தேடி எடுத்தோம். முறுக்கும் ரயிலும் அதில் ஓடும். ஒரு அடி ஆரை வளைவு மலிவு, ஆனால் பெரிய இஞ்சினுக்கு இரண்டு அடி ஆரை தேவை. கரம் மேசையை ஓரம் தள்ளியது அதனால்தான்.

போரால் 1990இல் நின்ற உண்மையான ரயில் 2013 செப்டெம்பரில்தான் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது. இடையில் பிறந்து வளர்ந்தவர்கள் இங்கே ரயிலையே காணவில்லை. அப்படியான ஊரில் பிள்ளைகளுக்கு ஓட்டிக் காட்டும் ரயில் தடம் புரண்டபடி இருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

பாதை பூட்டிய நாளில் வந்தவர்கள் மிகச் சிலர். விமர்சனம் சொன்னவர்களில் ஒருவரும் வரவில்லை. அவர்களில் பலர் சந்தாவும் கட்டவில்லை. இதைச் சொல்லாமல் விட என்னால் முடியவில்லை.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவு செலவுக்குச் சரியாக இருந்தது, கையிருப்பு சொற்பம். மேசை தந்தவருக்கும் வயர் வேலை செய்த தம்பிக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பொயின்ற், அதாவது ரயிலை வேறு பாதைக்குத் திருப்பும் தண்டவாளத் துண்டு, வாங்க வேண்டும். மாரிகாலத்தில் தகரம் துருப்பிடிக்கும், மூடி வைக்கக் கண்ணாடிப் பெட்டியும் வேண்டும். வெளிநாட்டில் உறவுகள் இருப்பவர்கள் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். சந்தாப் புத்தகம் கூட்டம் முடியும்வரை என் மேசையில் இருக்கும்.