வலசைப் பறவை அன்று, நாடோடி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பறவைகள் பகுதியில் ஆஸ்திரேலியாவின் இளஞ்சிவப்புச் செவி வாத்தைப் பற்றி வந்த குறிப்பைப் படித்து மகிழ்ந்தேன். ஆயினும் அதனை ‘வலசைப் பறவை’ என்று குறித்திருப்பது பிழை. மெல்போர்னுக்கு மேற்கே வெரிபீயில் குடியிருந்து, இவ்வாத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவன் என்னும் முறையில் இதனை எழுதுகிறேன்.

வலசைக்கு ஒரு பருவமும் ஒரு தடமும் உண்டு. குளிர்காலத்தில் நம் ஊர் ஏரிகளுக்கு வந்து, வெயில் ஏறுவதற்குள் வடக்கே திரும்பிவிடும் தட்டைவாயன் வாத்து வலசைப் பறவை. இளஞ்சிவப்புச் செவி வாத்துக்கு இவ்விரண்டும் இல்லை; நீர் இருக்கும் இடம் தேடி அலையும் நாடோடி அது. குயின்ஸ்லாந்தில் பெய்த மழை கூப்பர் ஓடை, டயமண்டினா ஆறு வழியே வாரக்கணக்கில் ஊர்ந்து, கடல்மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே கிடக்கும் கட்டி தண்டா என்னும் ஏர் ஏரியை நோக்கிப் பரவும்போது, காய்ந்த மண்ணில் உறங்கிக் கிடந்த நுண்ணிய ஓட்டுயிரிகளின் முட்டைகள் பொரிகின்றன. பூச்சிப் புழுக்கள் பெருகுகின்றன. வாத்துகளும் வந்து சேர்கின்றன. அங்கே தண்ணீர் நின்றால், எந்த மாதமாயினும் மரப்பொந்திலோ வேறு நீர்ப்பறவை கைவிட்ட கூட்டின் மேலோ முட்டையிடும். நீர் வற்றினால் கிளம்பிவிடும். ‘அறுநீர்ப் பறவை’ என்று உறவை மறந்தவர்களை நாம் பழிப்பதுண்டு. இந்த வாத்தோ அப்படி விட்டுப் பறக்காவிட்டால் பிழைத்திருக்கவே முடியாது.

உணவு கொள்ளும் முறையையும் உங்கள் குறிப்பு ஒரு வரியில் கடந்துவிட்டது. எங்கள் பகுதியில், 1897 முதல் மெல்போர்ன் நகரின் கழிவுநீரைப் பெற்றுவரும் சுத்திகரிப்பு நிலையத்தின் குளங்கள் 1982-இல், உலகளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. அனுமதி பெற்று அங்கே காரை நிறுத்திக் காத்திருந்த ஒரு காலையில், இரண்டு வாத்துகள் ஒன்றன் வாலருகே மற்றொன்று அலகை நீரில் அமிழ்த்தியபடி செக்குமாடு போல் சுற்றிச் சுற்றி வந்தன. கால்களில் நூல் சிக்கிக்கொண்டதோ என்றுதான் முதலில் அஞ்சினேன். அந்தச் சுழற்சி அடிநீரிலுள்ள நுண்ணுயிர்களை மேலே கிளப்புகிறது என்பதைப் பிறகே அறிந்தேன். உடல் 40 சென்டிமீட்டர் அளவுதான். அலகோ பெரிய பறவையிடம் இரவல் வாங்கியது போல அகன்று, நுனி சதுரமாகி, இருபுறமும் மெல்லிய தோல்மடிப்புகள் தொங்க இருக்கிறது. உள்ளே சீப்புப்பல் போன்ற தகடுகள் நீரை வடித்து இரையை நிறுத்திக்கொள்கின்றன. பெயருக்குக் காரணமான இளஞ்சிவப்புப் பொட்டு, கண்ணைச் சூழ்ந்த பழுப்புத் திட்டின் பின்னால் ஒரு துளிதான். தொலைநோக்கியிலும் வெளிச்சம் வாய்த்தால் மட்டுமே தெரியும். விலாவிலுள்ள வரிகளைக் கொண்டு இங்குள்ளவர்கள் வழங்கும் ‘வரிக்குதிரை வாத்து’ என்ற பெயரே பொருத்தமாகத் தோன்றுகிறது.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு வாதம் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். வலசைப் பறவைக்கு அது தங்கும் நீர்நிலைகளை வேலியிட்டுக் காத்தால் பெருமளவு போதும். நாடோடிக்கோ, பல ஆண்டுகள் புழுதியாகக் கிடந்து ஒருமுறை நிறையும் படுகையே பிள்ளை பெறும் வீடு. அணைகளும் பாசனமும் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் முர்ரே-டார்லிங் ஆற்றுப் படுகையின் வெள்ளத்தைக் குறைக்கும்போது அந்த வீடு பறிபோகிறது. எண்ணிக்கையிலும் ஏமாற்றம் உண்டு. உள்நாடு வறண்ட ஆண்டில் இவை கடலோரக் குளங்களில் ஆயிரக்கணக்கில் குவியும். அதைப் பார்த்து இனம் பெருகிவிட்டதாக எண்ணுவது, பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி முன் கூடிய கூட்டத்தைத் திருவிழா என்பதற்கு ஒப்பாகும். கிழக்கு ஆஸ்திரேலியாவின் நீர்ப்பறவைகளை 1983 முதல் ஆண்டுதோறும் விமானத்திலிருந்து கணக்கெடுத்து வருவதும் இதனாலேயே.

மேற்கு ஆஸ்திரேலியா 1990-இலும், நியூ சவுத் வேல்ஸ் 1995-இலும், குயின்ஸ்லாந்து 2005-இலும் பொழுதுபோக்கு வாத்து வேட்டையைத் தடைசெய்தன. விக்டோரியாவில் நாடாளுமன்றக் குழு 2023-இல் தடையைப் பரிந்துரைத்தும், அரசு 2024 சனவரியில் வேட்டையைத் தொடர முடிவெடுத்தது. இவ்வாத்தும் இங்கே வேட்டைப் பறவைகளுள் ஒன்று. வறட்சிக்குத் தப்பி வந்த பறவை, மாநில எல்லையைத் தாண்டியதும் சுடத்தக்கதாகிவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அடுத்த இதழில் ‘வலசை’ என்பதை ‘நாடோடி’ எனத் திருத்தி வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
வெரிபீ, விக்டோரியா