பூங்கொடிக்கு, கார்புரேட்டர் குறித்து

அன்புள்ள பூங்கொடிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. உன் டிரக்குக்கு, காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் கார்புரேட்டர் எதை வாங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய இரண்டு வரிகள் கிடைத்தன. நீ அனுப்பியபோது டென்வரில் விடியற்காலை மூன்று மணி இருக்கும். இதைப் போனில் சொல்லி முடிக்க முடியாது என்பதாலும், கொஞ்ச நாட்களாக நீ போனை எடுப்பதில்லை என்பதாலும் கடிதமாகவே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வார்த்தை, அம்மணி. குளிராக இருக்கிறது என்று கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓட்டாதே. கார்புரேட்டரைச் சரிசெய்யும்போது வண்டியை நிறுத்தியபடியே ஐடிலிங்கில் வெகுநேரம் ஓட்ட வேண்டியிருக்கும். அப்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. உனக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் சொல்கிறேன்.

இனி அளவு. நீ எழுதியபடி எஞ்சின் 350 கன அங்குலம். வால்வுகளைத் திறக்கும் அந்தக் கேம்ஷாஃப்டை வைத்துக்கொண்டு நிமிடத்துக்கு 5,500 சுற்றுக்கு மேல் அதை விரட்டுவதில் பயன் இல்லை. 350ஐ 5,500ஆல் பெருக்கி 3,456ஆல் வகுத்தால் (ஒரு கன அடிக்கு 1,728 கன அங்குலம், இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை இழுக்கும் என்பதால் அதன் இரு மடங்கு) 557 வருகிறது. சிலிண்டர் முழுமையாக நிரம்பினால் நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று வேண்டும். தெருவில் ஓடும் எஞ்சின் 85 சதவீதம் நிரம்பினாலே நல்லது என்பதால், உண்மையான தேவை 475க்குள் அடங்கிவிடும். ஆகவே 600 சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு 600 கன அடி காற்றை விடும் கார்புரேட்டர் உனக்குத் தாராளம். இந்தக் கணக்கை நீ பாலிடெக்னிக் வராந்தாவில் உட்கார்ந்து என் மாணவர்களுக்கு முன்பாகவே போட்டு முடித்தவள். இப்போது என்னிடம் கேட்கிறாய் என்றால், கேட்பதற்கு வேறு ஏதோ இருந்திருக்குமோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

750 சிஎஃப்எம் டபுள் பம்பர், அதாவது பெடலை மிதிக்கும்போது பெட்ரோலைப் பீய்ச்சும் பம்புகள் இரண்டு உள்ள கார்புரேட்டர்தான் வேண்டும் என்று மாப்பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தார். அதை நான் குறை சொல்லவில்லை. எடை குறைந்த வண்டி, கையால் மாற்றும் கியர், அடிக்கடி மிதித்து விரட்டும் ஓட்டம் என்றால் அது பொருத்தமானது. ஆனால் உன் டிரக்கான 1972ஆம் ஆண்டின் செவ்ரோலே சி-10 ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ளது. அதில் இருப்பதோ ஆட்டோமேடிக் கியர். குறைந்த சுற்றில் பெடலை முழுக்க அழுத்தினால் டபுள் பம்பரின் நான்கு வாய்களும் ஒருசேரத் திறக்கும். வென்ச்சுரியில், அதாவது கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில், காற்றின் வேகம் விழும். காற்று வேகமாகப் போனால்தானே பெட்ரோலை உறிஞ்சும்? அந்தக் குறையை மறைக்க இரண்டு பம்புகளும் பெட்ரோலைப் பீய்ச்சும், பிளக்குகள் கரியேறும், சிக்னலில் வண்டி திணறும். எஞ்சினின் தேவையைப் பார்த்து, மெல்லத் திறக்கும் செகண்டரிதான் (பிறகு திறக்கும் இரண்டாம் ஜோடி வாய்கள்) இந்த வண்டிக்கு வேண்டும்.

இதை முடிவு செய்ய நான் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வண்டியை யார் ஓட்டப்போகிறார்கள் என்பதுதான். முன்பு வந்த கடிதங்களில் "நாங்கள்" என்று எழுதுவாய். இந்த முறை "எனக்கு" என்று எழுதியிருக்கிறாய். நீ ஒருத்தியே ஓட்டுவதாக வைத்துக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன். தவறாக இருந்தால் திருத்து, கண்ணு.

டென்வர் 1,609 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூரைவிடக் கொஞ்சம் கீழே. மேட்டுப்பாளையத்தில் ஒழுங்காக ஓடிய அம்பாசிடர், குன்னூர் ஏறியதும் கறுப்புப் புகை கக்குவதை நீ சிறு வயதில் பார்த்திருக்கிறாய். எஞ்சின் உறிஞ்சும் காற்றின் கன அளவு அங்கேயும் அதேதான். காற்றின் அடர்த்தி குறைவதால் பெட்ரோல் மிஞ்சிப்போகிறது. எனவே உயரத்துக்காகக் கார்புரேட்டரின் அளவை மாற்ற வேண்டியதில்லை, பெட்ரோலை அளந்துவிடும் துளையான ஜெட்டைத்தான் குறைக்க வேண்டும். வேக்குவமும், அதாவது எஞ்சினின் உறிஞ்சு விசையும், ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் (பாதரச அளவில்) வீதம் குறையும் என்பதால், நீ எழுதிய 11 அங்குலத்தைக் கண்டு பயப்படாதே. அதே எஞ்சின் கடல்மட்டத்தில் 16 காட்டும். ஆனால் நியூட்ரலில் அளந்தாயா, டிரைவில் போட்டு அளந்தாயா என்று எழுதவில்லை. டிரைவில் அளந்த எண்தான் எனக்கு வேண்டும். அப்படி அளக்கும்போது சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பிரேக்கை மிதித்துக்கொள்ள ஒருவர் உள்ளே உட்கார வேண்டும். உதவிக்கு ஆள் இருக்கிறார்கள் அல்லவா? இல்லையென்றால் அந்த அளவே வேண்டாம், விட்டுவிடு.

என் தேர்வு எடல்பிராக் நிறுவனத்தின் 1406 கார்புரேட்டர். அதுவும் 600 சிஎஃப்எம்தான். குளிரில் எஞ்சினைக் கிளப்ப உதவும் எலெக்ட்ரிக் சோக் உண்டு என்பதால் பனிக்காலக் காலைகளில் நீ போராட வேண்டாம். செகண்டரிக்கு மேலே எடை வைத்த காற்றுத் தகடு ஒன்று இருக்கிறது. பெடலை முழுக்க மிதித்தாலும் எஞ்சின் கேட்கும் அளவுக்குத்தான் அது வழிவிடும். சிக்கனத்துக்காக ஆலையிலேயே சற்றுப் பெட்ரோல் குறைத்து அமைக்கப்பட்டது என்பதால் உங்கள் ஊர் உயரத்துக்கும் ஒத்துவரும்.

ஹோலி நிறுவனத்தின் 600, வேக்குவத்தால் திறக்கும் செகண்டரி உள்ளது, இதற்குக் குறைந்ததல்ல. பந்தயக்காரர்கள் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் அதில் ஜெட்டையோ, கூடுதல் பெட்ரோல் விடும் பவர் வால்வையோ மாற்ற, பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தைக் கழற்ற வேண்டும், பெட்ரோல் சூடான மேனிஃபோல்டின் மேல் சிந்தும். எடல்பிராக்கில் பெட்ரோலை அளக்கும் மீட்டரிங் ராடையும் ஸ்பிரிங்கையும் மேல்மூடியின் சிறு தகட்டைத் தளர்த்தினாலே எடுத்துவிடலாம். பெட்ரோல் மட்டத்துக்குக் கீழே கேஸ்கட்டும் கிடையாது. இரவில் தனியாக வேலை செய்கிறவள் கையில் எதைக் கொடுப்பது என்று யோசித்தால் எனக்கு வேறு பதில் வரவில்லை.

எஞ்சினோடு வந்த பழைய குவாட்ராஜெட் கார்புரேட்டரை விற்றுவிடாதே. முதலில் திறக்கும் வாய்களான அதன் சிறிய பிரைமரிகள் தெரு ஓட்டத்துக்கு எவ்வளவு நேர்த்தியானவை என்பதை அதைப் பிரித்துப் பார்த்தவர்களே அறிவார்கள். கைதேர்ந்த ஆள் கிடைக்கும்போது செப்பனிட்டுக்கொள்ளலாம். இப்போதே அதில் இறங்க வேண்டாம். உனக்கு இப்போது தேவை பூட்டினால் ஓடுகிற ஒன்று.

இன்னும் சில. பெட்ரோல் அழுத்தம் 6.5 பிஎஸ்ஐக்கு மேல் போனால் பெட்ரோலைத் தடுத்து நிறுத்தும் ஊசி வால்வு தாங்காது, அளந்து பார். த்ராட்டிலுக்கு இரண்டு ரிட்டர்ன் ஸ்பிரிங் போடு. ஒன்று அறுந்தாலும் மற்றது மூடும். அங்கே பங்கில் 85 ஆக்டேன் பெட்ரோல் விற்கிறார்கள். கம்ப்ரஷன் கூட்டிய எஞ்சினுக்கு அது ஆகாது, 91 போடு. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கராஜ் கதவு திறந்திருக்கட்டும்.

ஒரு வி-8 எஞ்சினை என் மகள் தானே பிரித்துப் பூட்டினாள் என்று அந்த பாலிடெக்னிக்கில் என்னோடு வேலை பார்த்தவர்கள் அத்தனை பேரிடமும் சொல்லியாயிற்று. அவர்களில் ஒருவர் மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மாவிடம் உன் இரண்டு வரிகளைப் படித்துக் காட்டினேன். "அவ்வளவுதானா" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். பெரியப்பா வீட்டு விஷயம் முடிந்துவிட்டது, அதைப் பிறகு எழுதுகிறேன்.

ஸ்பிரிங்கும் ராடும் அடங்கிய டியூனிங் பெட்டியையும் சேர்த்து வாங்கு. முதலில் ஆலை வைத்தபடியே பூட்டி, ஒரு வாரம் ஓட்டி, பிளக்குகளைக் கழற்றிப் படம் எடுத்து அனுப்பு. அதற்குள் டிரைவில் அளந்த வேக்குவமும் தெரிந்தால் எந்த ஸ்பிரிங் என்று சொல்லிவிடுவேன். ஆள் இல்லாமல் அளக்க முடியவில்லை என்றால் அதையும் அப்படியே எழுது. எனக்கு விசா இன்னும் இருக்கிறது. டிசம்பரில் டிக்கெட் போடட்டுமா என்று அம்மாவும் கேட்கிறாள். பிரேக்கை மிதித்துக்கொள்ள நான் வருகிறேன். சரி என்றோ வேண்டாம் என்றோ, எதுவானாலும் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்.

இப்படிக்கு,
அன்புடன் அப்பா