கட்டி முடிக்கிற வரைக்கும் நாங்க எங்க இருக்கிறது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் வட சென்னைல ஒரு குடிசை மாற்று வாரிய குடியிருப்புல வாக்கப்பட்டு வந்து 17 வருஷம் ஆச்சு, அந்த பில்டிங் இப்போ இல்ல, பழசாகி ஆபத்தான நிலைமைக்கு வந்துடுச்சுன்னு இடிச்சாச்சு, அதே இடத்துல புதுசா அடுக்குமாடி எழும்பிட்டிருக்கு. எந்த குடியிருப்புன்னு நான் எழுதல, ஏன்னா இது எங்க ஒரு இடத்து பிரச்சனை இல்ல, புதுசா கட்டித்தரோம்னு காலி பண்ண வெச்ச எந்த குடியிருப்பு ஜனத்த கேட்டாலும் இதத்தான் சொல்லுவாங்க. இடிக்கிறதுக்கும் சாவி குடுக்கிறதுக்கும் நடுவுல இருக்கிற காலத்த பத்தி யாருமே பேசமாட்டேங்கிறாங்க, அதுக்குதான் இந்த லெட்டர்.

முதல்ல ஒன்னு சொல்லிடறேன், இடிச்சது தப்புன்னு நான் சொல்லவே இல்ல. எங்க வீட்டு சீலிங்ல கம்பி எல்லாம் துருப்பிடிச்சு வெளிய தொங்கும், மழை பெஞ்சா சுவத்துல கைய வெச்சா ஷாக் அடிக்கும், என் பெரிய பொண்ணு தொட்டில்ல கெடந்தப்ப பக்கத்துலயே பூச்சு பேந்து விழுந்து அன்னிக்கு ராத்திரி முழுக்க நான் தூங்கல. 2021 டிசம்பர் 27ம் தேதி திருவொற்றியூர் அரிவாக்குளத்துல ஒரு பிளாக் அப்படியே சரிஞ்சு 24 வீடு மண்ணோட மண்ணா போச்சே, ஞாபகம் இருக்கும். விரிசல் பாத்துட்டு ஜனங்க முன்னாடியே வெளிய வந்ததால உயிர் பிழைச்சாங்க, இல்லன்னா என்ன ஆயிருக்கும்? அத டிவில பாத்துட்டு எங்க பில்டிங்ல பாதிப்பேரு பிள்ளைங்கள தூக்கிட்டு கீழ வந்து நின்னோம். அதனால கட்டித் தர்றாங்கன்னா சந்தோஷம்தான், அதுவும் அதே இடத்துல. ஊருக்கு வெளிய கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்னு தூக்கிட்டு போகாம இங்கயே குடுக்கிறாங்கன்னா அதுக்கு நன்றி சொல்லணும், சொல்றேன்.

ஆனா கணக்க பாருங்க. மறுகட்டுமானத்துக்கு காலி பண்ற குடும்பத்துக்கு அரசாங்கம் குடுக்கிற தொகை 24,000 ரூபா. முன்னாடி 8,000 தான் இருந்துச்சு, 2021ல ஏத்துனாங்க, ஏத்துனது நல்ல விஷயம், ஆனா அது மாசா மாசம் இல்ல சார், மொத்தமே அவ்ளோதான். வேலை ஒன்றரை வருஷத்துல முடியும்னு வெச்சுக்கிட்டா கூட மாசத்துக்கு 1,333 ரூபா வருது. 1,333 ரூபாய்க்கு இந்த சென்னைல ஒரு பாத்ரூம் கூட வாடகைக்கு கிடைக்காது.

நாங்க பாத்த வீட்டுக்கு வாடகை 6,500, ஒத்த ரூம், அதுலயே ஒரு மூலைல சமையல், பாத்ரூம் மூணு வீட்டுக்கும் பொது. அட்வான்ஸ் 50,000 கேட்டாங்க. மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக்கூடாது, வேற மாதிரி பேசி எழுதிக்கிட்டா ஒழிய, அப்படின்னு 2017ல நம்ம ஸ்டேட்லயே சட்டம் போட்டிருக்காங்கன்னு எங்க ஏரியா தம்பி ஒருத்தன் சொன்னான், அத ஹவுஸ் ஓனர் கிட்ட போய் சொன்னா "அப்போ அந்த சட்டத்துக்கிட்டயே போய் வீடு கேளுங்க"ன்னு கதவ சாத்திட்டாங்க. புரோக்கருக்கு ஒரு மாச வாடகை, குட்டியானை வெச்சு சாமான் ஏத்தி எறக்க 2,500. அந்த 24,000 கைக்கு வர்றதுக்கு முன்னாடியே நாங்க அதுக்கு டபுளா கடன் வாங்கியாச்சு, வட்டி இன்னும் ஓடிட்டிருக்கு. கரண்ட்டும் அப்படிதான், சொந்த மீட்டர் இருந்தவரைக்கும் ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ஃப்ரீ, இங்க ஓனர் வெச்ச சப் மீட்டர், யூனிட்டுக்கு 9 ரூபா, முதல் யூனிட்ல இருந்தே.

வீடு தேடின கதைய சொன்னா தனி லெட்டராவே எழுதலாம். மாமியார், நாங்க ரெண்டு பேரு, பிள்ளைங்க ரெண்டு, மொத்தம் அஞ்சு பேருன்னு சொன்னதுமே பாதிப்பேரு போன வெச்சிருவாங்க. ஒரு அம்மா நல்லா பேசுனாங்க, வீட்ட காட்டுனாங்க, நானும் எங்க பீரோவ எங்க வெக்கலாம்னு மனசுக்குள்ள அளந்துட்டேன், வெளிய வந்து செருப்ப மாட்டும்போது "இதுக்கு முன்ன எங்கம்மா இருந்தீங்க"ன்னு கேட்டாங்க, இருந்த இடத்த சொன்னேன். அவங்க முகம் மாறுனது எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது. "எங்க அண்ணன் பையன் வர்றான்னு சொன்னான்மா, அவன்கிட்ட கேட்டுட்டு சொல்றேன்"னாங்க. அடுத்த மாசமும் அந்த வீட்டு கேட்ல டூலெட் போர்டு தொங்கிச்சு. அன்னிக்கு பஸ்ல வரும்போது என் சின்னவன் "ஏம்மா நம்மளுக்கு அந்த வீடு இல்ல"ன்னு கேட்டான், நான் என்ன பதில் சொல்றது.

கடைசில மணலி தாண்டி வீடு கிடைச்சுது. எங்க வீட்டுக்காரரு பாரிஸ் கார்னர்ல லோடு ஏத்துற வேலை, முன்னாடி சைக்கிள்ல போயிட்டு வந்துருவாரு, இப்போ விடியகாலைல மூணே முக்காலுக்கு எழுந்து கெளம்புறாரு. மாமியார் எங்க பிளாக் மாடிப்படி ஓரத்துல 22 வருஷம் இட்லிக்கடை போட்டவங்க, அந்த கடை வருமானத்துலதான் என் நாத்தனார கட்டிக்குடுத்தாங்க. புது ஏரியால அடுப்ப வெளிய வெச்சாலே பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வர்றாங்க. இட்லி பானைய தேய்ச்சு கவுத்து வெச்சிருக்காங்க, ரெண்டு வருஷமா கவுந்தபடியே கிடக்குது. அந்த வருமானம் போனத யாரு சார் கணக்குல எழுதுவாங்க? பெரியவ பத்தாவது, ஸ்கூல மாத்த வேணாம்னு பழைய மாநகராட்சி ஸ்கூலுக்கே போறா, ரெண்டு பஸ் மாறி. லேடீஸுக்கு டிக்கெட் இல்லாததால காசு மிச்சம், நேரம் மிச்சம் இல்லையே, சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது ஏழாயிருது.

இதுல எனக்கு தாங்கமுடியாத ஒன்னு இருக்கு. பெரும்பாக்கத்துக்கு ஜனத்த அனுப்புறப்போ எல்லாரும் பேசுனாங்க, வேலை போச்சு, ஸ்கூல் போச்சு, ஊர விட்டு தள்ளிட்டாங்கன்னு பேப்பர்லயும் வந்துச்சு. அது எல்லாமே உண்மைதான். எங்கள அதே இடத்துல குடியமர்த்துறோம்னு பேரு, ஆனா நடுவுல இருக்கிற இந்த காலத்துல நாங்களும் அதே மாதிரிதான் தூரமா சிதறி கிடக்கோம், ஒருத்தர் மணலி, ஒருத்தர் மாதவரம், ஒருத்தர் ரெட்ஹில்ஸ், கீழ் வீட்டு அக்கா குடும்பம் திருவள்ளூருக்கே போயிட்டாங்க. பெரும்பாக்கம் போனவங்க எங்க இருக்காங்கன்னாவது கவர்மென்ட்டுக்கு தெரியும். நாங்க எங்க இருக்கோம்னு யாருக்கும் தெரியாது.

இந்த இடத்துலதான் மாநகராட்சி வரணும்னு நான் நினைக்கிறேன். கட்டுறது வாரியம். 1970ல குடிசை மாற்று வாரியம்னு ஆரம்பிச்சது, 2021ல நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு பேர மாத்துனாங்க, "ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்"னு அவங்க வாசகம், சின்ன வயசுல அத எழுத்துக்கூட்டி படிச்சே தமிழ் கத்துக்கிட்டாருன்னு எங்க வீட்டுக்காரரு பெருமையா சொல்லுவாரு. வாரியத்துக்கு பில்டிங் தெரியும், ஆனா ஸ்கூல், அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம், தெருவோர கடை இதெல்லாம் அவங்க கையில இல்ல, தனித்தனி டிபார்ட்மென்ட்டு. நான் வயசான மாமியார கூட்டிட்டு ஒரு ஆபீஸுக்கு போனா இது எங்க வேலை இல்ல அங்க போங்கன்னு சொல்றாங்க, அங்க போனா நீங்க காலி பண்ணிட்டு போனவங்க, இந்த வார்டுலயே இல்லையேங்கிறாங்க. இந்த வார்டுலயே இல்லையாம்! 2020ல கொரோனா நேரத்துல தினமும் வீடு வீடா வந்து காய்ச்சல் இருக்கான்னு கேட்டு நோட்டுல எழுதிட்டு போனது இதே மாநகராட்சிதானே, 200 வார்டுலயும் முடிஞ்சுதே. இடிக்கிற ஒரு குடியிருப்புல இருக்கிற சில நூறு குடும்பம் எங்க போச்சு, பிள்ளைங்க எந்த ஸ்கூல்ல இருக்குது, டயாலிசிஸ் பண்றவங்க யாரு, கடை போட்டவங்க யாருன்னு ஒரு ரிஜிஸ்டர் வெக்க முடியாதா?

இன்னொரு கஷ்டம் பேரு. ஒரு வீட்டுக்கு ஒரு அலாட்மென்ட், ஆனா அந்த ஒரு வீட்டுல அண்ணன் குடும்பம் தம்பி குடும்பம்னு ரெண்டு அடுப்பு எரிஞ்சுது. எங்க வீடு மாமனார் பேருல இருந்துச்சு, அவரு தவறி ஒன்பது வருஷம் ஆச்சு, மாமியார் பேருக்கு மாத்தி டோக்கன் வாங்குறதுக்குள்ள வாரிசு சான்றிதழ், பழைய ரசீதுன்னு நான் அலைஞ்சது எனக்குதான் தெரியும். வாடகைக்கு இருந்தவங்க நிலைமை இன்னும் மோசம், 15 வருஷம் அங்கயே இருந்தாலும் லிஸ்ட்ல பேரு இல்லன்னா அந்த 24,000ம் இல்ல, புது வீடும் இல்ல. அவங்க எங்க போனாங்கன்னே எனக்கு தெரியல, பாத்து ரொம்ப நாளாச்சு.

சாவி வாங்கும்போது பங்குத்தொகைன்னு வேற கட்டணும். புது வீடு பெருசு, கிட்டத்தட்ட 400 சதுர அடி, தனி பாத்ரூம், பிரதமர் திட்டத்துல மத்திய அரசும் வீட்டுக்கு 1.5 லட்சம் போடுது, அதனால ஒரு பங்கு நாங்க கட்டணும்கிறது நியாயம்னே வெச்சுக்குவோம். ஆனா ரெண்டு வருஷம் வாடகை கட்டி கடனாளியா நிக்கிற ஜனத்துக்கிட்ட அந்த நேரத்துல போய் பணம் கேட்டா எங்க போவாங்க? கந்துவட்டிக்காரன்கிட்டதான். வீடு வந்ததும் அத ஒத்திக்கு விட்டுட்டு கடன அடைக்கிறாங்க, அப்புறம் "குடுத்த வீட்ட வித்துட்டாங்க"ன்னு எங்களையே சொல்றாங்க.

நாங்க கேக்குறது பெரிய ஆசை இல்ல. 24,000த்த மொத்தமா குடுக்காம, அந்த ஏரியால ஒரு ரூம் என்ன வாடகையோ அத மாசா மாசம் வீட்டு பொம்பளைங்க பேங்க் அக்கவுண்ட்ல போடுங்க, சாவி கையில வர்ற மாசம் வரைக்கும் போடுங்க. வேலை லேட்டானா அந்த செலவு கட்டுறவங்களுக்கும் வலிக்கணும், இப்போ எங்களுக்கு மட்டும்தான் வலிக்குது. மும்பைல குடிசைப்பகுதிய இடிச்சு கட்டுற பில்டர், முடியிற வரைக்கும் வாடகை குடுக்கணும் இல்லன்னா மாத்து வீடு குடுக்கணும்னு இருக்கு, இங்க கவர்மென்ட்டே கட்டுது, இங்க ஏன் முடியாது? இடம் இருக்கிற குடியிருப்புல எல்லா பிளாக்கையும் ஒரே நாள்ல காலி பண்ணாம, முதல்ல ஒன்ன கட்டி அதுல ஜனத்த ஏத்திட்டு அடுத்தத இடிக்கலாம். அப்புறம் அந்த 24,000த்துக்கு வெச்ச பேரு, கருணைத் தொகைங்கிறாங்க. எங்க மேல யாரும் கருணை காட்ட வேணாம் சார், காலி பண்ண சொன்னது நீங்க, வாடகை நீங்க குடுக்கணும், வாடகைன்னே எழுதுங்க.

போன வாரம் ஞாயித்துக்கிழமை மாமியார கூட்டிட்டு போய் கட்டிட வேலைய காட்டுனேன். தகர ஷீட் அடிச்சிருக்கிற சந்து வழியா பாத்துட்டு, எங்க படிக்கட்டு இருந்த இடம் எதுன்னு கைய நீட்டி நீட்டி தேடுனாங்க, கண்டுபிடிக்க முடியல. வாசல்ல பெரிய போர்டு வெச்சிருக்காங்க, எத்தன மாடி, எத்தன வீடு, மதிப்பீடு எத்தன கோடின்னு எல்லாம் போட்டிருக்கு. அந்த போர்டுலயே இந்த குடும்பங்களுக்கு எந்த மாசம் வரைக்கும் வாடகை குடுத்திருக்கோம், எந்த தேதில சாவி குடுப்போம்னு ரெண்டு வரி சேத்து எழுத சொல்லி உங்க பேப்பர் மூலமா கேக்குறேன். எங்களுக்கு ஒவ்வொரு மாசமும் 5ம் தேதி ஓனர் வாடகைக்கு வந்து நிப்பாரு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வட சென்னை.