விண்ணப்பத்தோடு எதை இணைப்பது? தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் பெருமக்களுக்கு,

வணக்கம். நான் கும்பகோணத்தில் முதுகலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் பிளஸ் டூ மாணவர்கள் சிலர் படிவம் நிரப்ப என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் கோப்புகளைப் பார்த்த பிறகே இம்மடலை எழுதுகிறேன்.

நம் பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போட்டுத் தரவரிசை வந்துவிடும்; சாதிச் சான்றிதழும் முதல் பட்டதாரிச் சான்றிதழும் சரியாக இருந்தால், பிள்ளை எப்படிப்பட்டவன் என்று எவரும் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தில், அங்கேயும் சான்றிதழ் கூடக் கூட மதிப்பு கூடும் என்று எண்ணிவிடுகிறோம். பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கும் பொதுவான இணையவழி விண்ணப்பமாகிய காமன் ஆப் படிவத்திலோ செயல்பாடுகளுக்கு 10 இடமும் விருதுகளுக்கு 5 இடமும்தான் உண்டு. ஒவ்வொரு செயல்பாட்டின் விவரமும் 150 எழுத்துக்குறிகளுக்குள் அடங்க வேண்டும். ஓவியத் தொகுப்பு, இசைப்பதிவு போன்றவற்றை ஏற்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். கேட்காததை அனுப்பாதீர்கள் என்று வெளிப்படையாகச் சொல்லும் கல்லூரிகளும் உண்டு.

சுவாமிமலையிலிருந்து வந்த ஒரு மாணவன் லேமினேட் செய்த 23 சான்றிதழ்களை என் முன் அடுக்கினான். யோகா தினப் பங்கேற்பு, அபாகஸ் இரண்டாம் நிலை, யாரோ நடத்திய கையெழுத்துப் போட்டி என்று நீண்ட அந்த அடுக்கில் அவனை எங்கும் காணோம். நகக்கண்ணில் அப்பியிருந்த மெழுகைக் கண்டு விசாரித்தபோதுதான், தந்தையின் பட்டறையில் சிலைகளின் மெழுகு விரல்களைத் தான் பிடித்து முடிப்பதாகச் சொன்னான். தென்னை ஓலைக் கீற்றை மடித்து அளவு குறிப்பது, காவிரியின் வண்டல் மண்ணை மெழுகின்மேல் முதல் பூச்சாகப் பூசுவது, சூட்டில் மெழுகு உருகி வழிந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பது என்று அரைமணி நேரம் பேசினான். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) கையால் செய்தவற்றுக்கென்றே தனித் தொகுப்பு அனுப்ப வழி இருக்கும்போது, இவன் பள்ளியிலோ, குலத்தொழிலை எழுதினால் படிப்பில் நாட்டமில்லை என்று நினைப்பார்கள் எனத் தடுத்துவிட்டார்களாம். (அவன் சொல்லச் சொல்ல எனக்கே அந்தப் பட்டறையைப் பார்க்க ஆசை வந்தது.) வார்ப்பில் விரல் உடைந்துபோன ஒரு சிலையின் படத்தையும் சேர்க்கச் சொன்னேன், தயங்கித்தான் சேர்த்தான்.

குறுவை அறுவடைக் காலத்தில், கொள்முதல் நிலையம் கேட்கும் 17 சதவீத ஈரப்பதத்துக்காக நெல்லைக் கிளறிக் காயவைத்துவிட்டுப் பள்ளிக்கு வரும் மாணவிக்கும் இதே நிலைதான். செயல்பாடுகளில் குடும்பப் பொறுப்பு என்று காமன் ஆப் படிவத்திலேயே ஒரு வகை இருப்பது அவளுக்குத் தெரியவில்லை.

பரிந்துரைக் கடிதத்தைப் பற்றிச் சொல்லத்தான் சங்கடமாக இருக்கிறது. மாணவனையே எழுதிவரச் சொல்லிக் கையெழுத்திடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. நானும் பணியிலிருந்தபோது இரண்டொரு முறை செய்திருக்கிறேன். ‘ஒழுக்கமும் கடின உழைப்பும் உடையவர்’ என்பது நன்னடத்தைச் சான்றிதழுக்குப் போதும். உப்புப் பகுப்பாய்வில் தவறிய மாணவி மறுநாள் காலை ஆய்வகம் திறக்கும் முன்பே வந்து நின்றதை அவளுடைய வேதியியல் ஆசிரியர் ஒருவரால்தான் எழுத முடியும்.

ஆகவே தங்களிடம் வேண்டுவது இவ்வளவே. விண்ணப்பிக்கும் மாணவரை நேரில் அறிந்த ஆசிரியரிடமே கடிதப் பொறுப்பைத் தாருங்கள். அவர் பெரிய பதவியில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எதை இணைப்பது, எதை விடுவது என்று அவர் மாணவரோடு ஒருமுறை உட்கார்ந்து பேசட்டும். பல கல்லூரிகளில் முன்கூட்டிய விண்ணப்பத்துக்கு நவம்பர் 1 கடைசி நாள். தீபாவளி விடுமுறையும் அதையொட்டியே வரக்கூடும் என்பதால், காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு இந்த ஏற்பாட்டைச் செய்துதருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்